மிக்சர் இரைகிறது என்று எர்த்தைக் கழற்றாதீர்கள்

கோயில் திருவிழாவிலோ கல்யாண மண்டபத்திலோ சவுண்ட் போடுகிற எல்லோருக்கும் அந்த இரைச்சல் தெரியும். மைக் எல்லாம் மூடியிருக்கும், பாட்டு ஒன்றும் ஓடாது, ஆனாலும் ஸ்பீக்கருக்குள் இருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் மேளம் தொடங்க வேண்டும். உபயகாரர் வந்து நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். அப்போது பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்வார்கள்: "அண்ணை, மிக்சரின்ரை எர்த்தைக் கழட்டி விடுங்கோ, நிண்டிடும்." கழற்றினால் உண்மையாகவே நின்றுவிடும். அதனால்தான் இந்தத் தவறு ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறது.

முதலில் அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மைக்குகளின் சத்தத்தை ஒன்றாகச் சேர்க்கும் மிக்சர் மண்டபத்தின் பின்பக்கம் இருக்கும், அதற்குக் கரண்ட் பின்சுவர் சொக்கெற்றில் இருந்து வரும். அம்ப்ளிபயர் மேடைக்குப் பக்கத்தில், மேடைச் சொக்கெற்றில் இருக்கும். இரண்டு சொக்கெற்றிலும் எர்த் (நிலத்தோடு சேர்க்கும் பாதுகாப்பு வயர்) உண்டு, ஆனால் இரண்டு எர்த்துக்கும் நடுவே மிகச் சிறிய வோல்ற் வித்தியாசம் இருக்கும். மிக்சரையும் அம்ப்ளிபயரையும் ஒரு ஓடியோ கேபிளால் இணைத்ததும், அந்தக் கேபிளின் வலைக்கம்பி (உள் வயர்களைச் சுற்றியிருக்கும் பின்னல்) வழியாக இரண்டு எர்த்தும் ஒரு வளையமாகி, அதில் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். ஸ்பீக்கரில் முனகுவது அதுதான். மிக்சரின் பிளக்கில் உள்ள எர்த் முள்ளை எடுத்தால் வளையம் அறுந்துவிடும், முனகலும் போய்விடும்.

ஆனால் அந்த முள் இரைச்சலுக்காக வைத்தது இல்லை. மிக்சருக்குள் இருக்கும் பவர் சப்ளையில் கரண்ட் வரும் லைன் வயர் எப்போதாவது இரும்புப் பெட்டியில் தொட்டுவிட்டால், கரண்ட் தடித்த எர்த் வயர் வழியாக ஓடி பியூஸை எரிக்க வேண்டும், அல்லது ட்ரிப் சுவிட்சை விழுத்த வேண்டும். அதற்குத்தான் அது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓடியோ கேபிளின் மெல்லிய வலைக்கம்பி மட்டும். அதுவும் கருகிப் போனால் மிக்சரின் பெட்டி முழுதும் 230 வோல்ற்றில் நிற்கும். மைக்கின் இரும்பு வலை, கேபிளின் ஒன்றாம் முள் வழியாக அந்தப் பெட்டியோடு சேர்ந்தது. அந்த வலைக்குத்தான் பாடுகிறவர் உதட்டைக் கொண்டுபோகிறார்.

ஒரு திருமண மண்டபத்தில் ஒத்திகை நேரம் பாடகி ஒருவர், "அண்ணை, மைக் கடிக்குது" என்றார். உதட்டில் எறும்பு கடிப்பதுபோல இருக்கிறதாம். போய்ப் பார்த்தால் மிக்சரின் பிளக்கில் எர்த் முள்ளே இல்லை. முதல் நாள் எங்கள் ஆள் ஒருவர் இரைச்சலுக்காக வெட்டியிருந்தார். அன்று கடித்தது பழுதான மிக்சர் இல்லை. இப்போதைய பவர் சப்ளைகளில் லைனில் இருந்தும், கரண்ட் திரும்பிப் போகும் நியூற்றலில் இருந்தும் பெட்டிக்குச் சின்னக் கபாசிற்றர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் பெட்டி பாதி வோல்ற்றில், ஏறத்தாழ 115 இல் மிதக்கும். கரண்ட் ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவு, அதனால் கடியோடு போயிற்று. மிக்சருக்குள் ஒரு வயர் உண்மையாகவே பழுதாகியிருந்தால்? சுமார் 10 மில்லி அம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். மைக் கடிக்கிறது என்று யாராவது சொன்னால் அதை ஒருநாளும் சாதாரணமாக எடுக்காதீர்கள். மெயினை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

நம் கோயில்களை நினைத்துப் பாருங்கள். அபிஷேகம் முடிந்த ஈரத் தரையில், நனைந்த வேட்டியோடு, மேலில் ஒன்றும் இல்லாமல், வெறுங்காலோடு நிற்கும் ஐயரின் கையில்தான் மைக்கைக் கொடுக்கிறோம். கரண்டுக்கு இதைவிட லேசான பாதை கிடையாது. உள்வீதிக்கும் கருவறை வாசலுக்கும் பற்றரியில் ஓடும் வயர்லெஸ் மைக்கைக் கொடுங்கள். காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் அவரின் கைக்கும் மிக்சருக்கும் நடுவே ஒரு வயரும் இருக்காது.

இது பெரிய மேடைகளிலும் நடந்திருக்கிறது. ஸ்கொற்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 இல் வேல்ஸில் உள்ள சுவான்சி நகரில் ஒரு நிகழ்ச்சி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். கிற்றாரின் கம்பி ஒரு பக்கம், மைக் மற்றப் பக்கம், நடுவே அவர்.

நம் யாழ்ப்பாணத்தில் எர்த் வெட்டாமலே போகும் இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டிலும் மண்டபத்திலும் வட்ட முள் சொக்கெற்றும் 13 அம்பியர் சதுர முள் சொக்கெற்றும் கலந்து இருப்பதால், இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்குப் பேனையையோ ரெஸ்ரரையோ மேலே உள்ள எர்த் துளைக்குள் விட்டு, மற்ற இரண்டு துளையையும் மூடியிருக்கும் கதவைத் திறப்போம். போன் சார்ஜருக்குச் செய்து பழகிய கை மிக்சருக்கும் செய்கிறது. முள் பொருந்தாவிட்டால் பிளக்கை மாற்றுங்கள், அல்லது எர்த்தோடு கூடிய அடப்ரர் வாங்குங்கள். பத்து நிமிட வேலை.

தொண்ணூறுகளில், போர் நேரம், கரண்டே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. கையில் உள்ளதை வைத்துச் சமாளிக்கும் திறமை நமக்கு அங்கிருந்து வந்தது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் டைனமோவின் சில வோல்ற்றுக்குச் செய்த முறுக்கு வேலையை 230 வோல்ற்றுக்குச் செய்ய முடியாது.

சரி, இரைச்சலை எப்படி நிறுத்துவது? மிக்சருக்கும் அம்ப்ளிபயருக்கும் கரண்டை ஒரே இடத்தில் இருந்து எடுங்கள். மேடைச் சொக்கெற்றில் இருந்து தடித்த மூன்று வயர் எக்ஸ்ரென்ஷன் கோட் ஒன்றைப் பின்னுக்கு இழுத்து அதில் மிக்சரைப் போட்டால் பெரும்பாலும் அந்த நிமிடமே சத்தம் அடங்கும். மிக்சரில் இருந்து அம்ப்ளிபயருக்குப் போவது மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பலன்ஸ்ட் கேபிளாக (சிக்னலுக்கு இரண்டு வயர், சுற்றி வலைக்கம்பி) இருக்கட்டும். மடிக்கணினியில் இருந்து பாட்டுப் போடும்போது மட்டும் இரைந்தால், அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கள்ளனைப் பிடித்துவிட்டீர்கள். மடிக்கணினிக்கும் மிக்சருக்கும் நடுவில் டிஐ பெட்டி (சிக்னலை பலன்ஸ்ட் ஆக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்றைப் போட்டு, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ற் சுவிட்சை அமத்துங்கள். அது ஓடியோ கேபிளின் எர்த்தை மட்டும் அறுக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. நீங்கள் தேடிய வெட்டு இதுதான். விலைக்கு வாங்கக்கூடியது.

தனி எர்த் கம்பி என்ற நம்பிக்கை

புது மண்டபங்களில் மிக்சரை நிரந்தரமாகப் பொருத்தும்போது, "சவுண்டுக்குத் தனி எர்த் அடிச்சால் சுத்தமாய் இருக்கும்" என்று வெளியே ஒரு கம்பியை அடித்து, மிக்சரை அதில் மட்டும் கட்டுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வலிகாமத்தில் செம்மண் கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புக் கல். கம்பி ஆழமாக இறங்காது. தென்மராட்சிப் பக்கம் மணல். நம் திருவிழாக் காலமோ நிலம் காய்ந்து கிடக்கும் ஆடி ஆவணி. அந்தக் கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்தால், லைன் பெட்டியில் தொட்டாலும் 230 ஐ 50 ஆல் பிரிக்க 4.6 அம்பியர்தான் ஓடும். 13 அம்பியர் பியூஸ் அதற்கு எரியவே எரியாது. மிக்சர் கரண்டோடு அப்படியே இருக்கும். தனிக் கம்பி அடிப்பதாக இருந்தால் அதைக் கட்டடத்தின் பிரதான எர்த்தோடு தடித்த வயரால் சேர்த்தே ஆக வேண்டும். அதோடு 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கரண்டை அறுக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் மேடைக்குக் கரண்ட் எடுக்கக் கூடாது. அதன் ரெஸ்ற் பொத்தானை அமத்தி, விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஜெனரேற்றர்

சிறிய ஜெனரேற்றர் பலவற்றில் நியூற்றல் உடலோடு சேர்ந்திருக்காது. அப்படியானால் ட்ரிப் சுவிட்ச் இருந்தும் பயன் இல்லை, ஏனென்றால் கசியும் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை. நியூற்றலையும் எர்த்தையும் எங்கே சேர்ப்பது என்பதை மின் வேலை தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டும், ஓரிடத்தில் மட்டும்.

பெரிய மூன்று பேஸ் ஜெனரேற்றரில் எனக்குப் பயம் வேறு. நியூற்றல் வயர் ஒன்று தளர்ந்தால், இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ற் அலங்கார லைற்றுகளுக்கும் நம் மிக்சருக்கும் பங்காகும். குறைவாகக் கரண்ட் எடுப்பவரின் தலையில்தான் கூடிய வோல்ற் விழும், குறைவாக எடுப்பது மிக்சர். அதனால் ஜெனரேற்றரை ஓட்டி, லைற்றையும் போட்ட பிறகு, சொக்கெற்றில் மல்ரிமீற்றரை வைத்து லைனுக்கும் நியூற்றலுக்கும், லைனுக்கும் எர்த்துக்கும், நியூற்றலுக்கும் எர்த்துக்கும் பாருங்கள். முதல் இரண்டும் 230 ஐ ஒட்டி, கடைசியானது ஓரிரு வோல்ற் என்றால்தான் மிக்சரின் பிளக்கைக் கையில் எடுங்கள்.

மிச்சம் சுருக்கமாக. சுருளில் கிடக்கும் எக்ஸ்ரென்ஷன் வயரை முழுதாக அவிழ்த்து விடுங்கள், சுருட்டியபடி பாரம் ஏற்றினால் உள்ளே உருகும். கரண்ட் வயரும் மைக் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டாம், கடக்க வேண்டி வந்தால் சிலுவைபோலக் கடக்கட்டும். நிரந்தரச் சொக்கெற்றுக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர்க் கம்பி ஏழு சேர்ந்தது) போடச் சொல்லுங்கள், எர்த்துக்கு மெல்லியதைப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்க விடாதீர்கள். எக்ஸ்எல்ஆர் பற்ற வைக்கும்போது ஒன்றாம் முள் வலைக்கம்பி, இரண்டு நேர், மூன்று மறை. இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றிய ஒரு கேபிள் போதும், தவிலுக்கு வைத்த இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்று சத்தம் மெலிந்துவிடும். மைக் கேபிள் வழியாகவே சில மைக்குகளுக்கு மிக்சர் அனுப்பும் ஃபான்ரம் பவர் 48 வோல்ற். மிக்சரில் அந்த மைக்கின் சனலை மூடாமல் அதைப் போடவும் வேண்டாம், அது போட்டிருக்கும்போது கேபிளைச் செருகவோ பிடுங்கவோ வேண்டாம். அம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் வாயில் இருந்து மிக்சருக்கு வயர் கொண்டுவரவே கூடாது. கடலோரக் கோயில்களில் உப்புக்காற்று பிளக் முள்ளைப் பச்சையாக்கும், துடைத்துவிட்டுப் போடுங்கள். மிக்சர் மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க யாரையும் விடாதீர்கள்.

போடும்போது மிக்சர் முதல், அம்ப்ளிபயர் கடைசி. இரவு பூசை முடிந்து நிறுத்தும்போது அம்ப்ளிபயர் முதல். ஐப்பசியில் பின்னேர இடி கேட்கத் தொடங்கினால் சுவிட்சை மட்டும் நம்பாமல், நிகழ்ச்சியை நிறுத்தி, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிளக்கையே கழற்றி வையுங்கள்.