"சொறி மிஸ்" போதாது: தாதிய மாணவர்களுக்குள் வரும் மனத்தாங்கலை வட்டமாக இருந்து தீர்ப்பது எப்படி

மனத்தாங்கல் உள்ளவர்களை ஒன்றாக இருத்திப் பேசவைப்பதைத்தான் வட்டம் என்கிறேன். என் முதல் வட்டம் நாசமாய்ப் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தாதிய மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். ஒரு நாள் நைட் டியூட்டியில் நின்ற இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தி, பிறஷர் பார்க்காமலே முந்தைய வரியைப் பார்த்து 120/80 என்று எழுதிவிட்டாள். காலையில் பொறுப்பெடுத்தவள் அவளுடைய ஹொஸ்டல் அறைத்தோழி. அவளும் அதை நம்பி ஒப்புவித்தாள். டொக்டர் திரும்பப் பார்க்கச் சொன்னபோது 90/60. நோயாளிகளுக்கு முன்னால் ஏச்சு முழுவதும் தோழிக்குத்தான். நோயாளி தேறிவிட்டார். ஆனால் அந்த அறைக்குள் மூன்று கிழமையாகப் பேச்சில்லை. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.)

நான் என்ன செய்தேன்? இருவரையும் என் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "மன்னிப்புக் கேளும்" என்றேன். அவள் "சொறி மிஸ்" என்றாள். என்னிடம்! தோழி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த வட்டத்துக்கு அடிப்படையான யோசனையை மறுசீரமைப்பு நீதி என்று புத்தகங்களில் எழுதுவார்கள். எந்த விதி மீறப்பட்டது, என்ன தண்டனை என்று தொடங்காமல், யாருக்கு நொந்தது, அவருக்கு இப்போது என்ன வேண்டும், அதைச் செய்யும் பொறுப்பு யாருடையது என்று தொடங்குவதுதான் அது. கனடாவின் ஒன்ராறியோவில் (எங்கள் சொந்தபந்தம் பாதி இருக்கிற இடம்தான்) எல்மைரா என்ற ஊரில், 1974 இல், 22 இடங்களில் உடைத்து நாசம் செய்த இரண்டு இளைஞர்களை வீடு வீடாக அழைத்துப்போய், பாதிக்கப்பட்டவர்களைச் சந்திக்க வைத்தார்கள். இந்த முறையின் கதையை அங்கிருந்துதான் சொல்லத் தொடங்குவார்கள்.

எல்லாவற்றையும் வட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். பகிடிவதை, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதையும் பாலியல் தொந்தரவையும் "உங்களுக்குள் பேசித் தீருங்கோ" என்று மூடிவிட முடியாது. நோயாளியைப் பாதிக்கும் பிழைக்கு அறிக்கை தனியாகப் போகவேண்டும். பொய்யாக எழுதிய அந்த 120/80 க்கும் அப்படித்தான் போனது. அறிக்கையால் ஆறாத மீதிதான் வட்டத்துக்கு உரியது.

சரி, இரண்டாம் முறை எப்படிச் செய்தேன்?

முக்கால்வாசி வேலை வட்டத்துக்கு முன்னால்தான். ஒவ்வொருவரையும் தனியாக, குறைந்தது இரண்டு தடவை சந்தியுங்கள். யாராவது வர விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். நைட் முடித்து வந்த பிள்ளையைக் கூப்பிடவே வேண்டாம். தோழிக்கு ஏச்சு வாங்கியதுதான் கோபம் என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு: "நான் ஏச்சு வாங்கேக்கை இவள் கன்ரீனிலை ரீ குடிச்சுக்கொண்டு இருந்தவள், மிஸ்." மற்றவளோ, "அண்டைக்கு வாட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான்" என்றாள். அப்படியென்றால் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டருக்கும் இதில் பங்கு இருக்கிறது. அவரையும் போய்க் கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு வருகிறேன் என்றார்.

இடம், ஹொஸ்டல் சாப்பாட்டு அறை. ஞாயிறு பின்னேரம், பனங்கட்டியோடு பிளேன்ரீ குடித்த பிறகு. ஆறு கதிரை, மேசை இல்லை. சிஸ்டருக்கும் அதே பிளாஸ்ரிக் கதிரைதான்.

கையில் வைத்திருப்பவர் மட்டும் பேச ஒரு பொருள் வேண்டும். ஒருமுறை கிட்னி ட்ரேயை (வாட்டில் பாவிக்கும் வளைந்த தட்டு) வைத்துப் பார்த்தேன், கீழே விழுந்து எல்லோரும் சிரித்ததுதான் மிச்சம். இப்போது சின்னப் பனையோலைப் பெட்டி.

கேள்விகளை மாற்றாமல் எல்லோரிடமும் கேளுங்கள்: என்ன நடந்தது? அந்த நேரம் என்ன யோசித்தீர்? இதால் யார் யாருக்கு என்ன பாதிப்பு? சரிக்கட்ட என்ன செய்யலாம்? "ஏன் செய்தனீர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது விசாரணை ஆகிவிடும், பிள்ளை சாட்டுச் சொல்லத் தொடங்கிவிடும். ஆசிரியர் கடைசியாகப் பேசவேண்டும், புத்திமதி கூடாது. இது எனக்கு இன்னும் கஷ்டம்.

பெட்டி அவளிடம் வந்தபோது மூடியைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். நாங்கள் பேசாமல் இருந்தோம். மௌனத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். கடைசியில் தோழியைப் பார்த்து, "நீ ஏச்சு வாங்குறது எனக்குத் தெரியும். கன்ரீனிலை இருந்து எழும்ப ஏலாமல் கிடந்தது" என்றாள். சிஸ்டரின் முறை வந்தபோது, "அந்த ஏச்சை நானும் நிப்பாட்டேல்லை" என்றார்.

என்ன செய்வது என்று அவர்களே சொல்லட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், திகதியோடு. "இனிக் கவனமாக இருப்பேன்" என்பதை ஏற்காதீர்கள், அதைச் செய்தாரா என்று எப்படிப் பார்ப்பது? அவள் ஒத்துக்கொண்டது இது: வருகிற வெள்ளிக்கு முன், காலைப் பொறுப்பு ஒப்படைக்கும் நேரத்தில், அந்த இலக்கம் தான் எழுதியது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வது. ஏச்சு எங்கே விழுந்ததோ அங்கேயே திருத்தவேண்டும் என்று தோழி கேட்டிருந்தாள். அந்தத் தாளை மாணவர் கோப்பில் போடாதீர்கள். போட்டால் அடுத்த வட்டத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு திரும்பச் சந்தியுங்கள். சிநேகிதமாகிவிட்டீர்களா என்று கேட்கவேண்டாம், எழுதியது நடந்ததா என்று மட்டும் கேளுங்கள். நடந்திருந்தது. இருவரும் இப்போது கதைக்கிறார்கள். ஆனாலும் வேறு அறை தரமுடியுமா என்று தோழி கேட்டாள். மாற்றிக் கொடுத்தேன்.