டிவிடெண்ட் 9 சதவீதமா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஒரு பங்கின் டிவிடெண்ட் யீல்டு, அதாவது பங்கு விலையில் வருட டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது, 9 சதவீதம் என்று கண்ணில் பட்டால், அது எப்படி 9 ஆனது என்று முதலில் பாருங்கள். விலை 200 ரூபாயாக இருந்தபோதும் அந்த நிறுவனம் பங்குக்கு 9 ரூபாய்தான் கொடுத்திருக்கும். விலை 100-க்கு இறங்கியதும் யீல்டு 4.5-லிருந்து 9 ஆகிவிட்டது. சொத்து விற்ற வருடத்தில் கொடுத்த சிறப்பு டிவிடெண்டும் அதில் கலந்திருக்கலாம். அதைக் கழித்துவிடுங்கள்.

பிறகு ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கையைத் திறந்து பாருங்கள். நிகர லாபம் 300 கோடி, டிவிடெண்ட் 210 கோடி என்றால் 70 சதவீதம்தானே என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அதே நிறுவனத்துக்குத் தொழிலிலிருந்து கைக்கு வந்த பணம் 500 கோடி, இயந்திரம், கட்டடங்களுக்குப் போனது 320 கோடி என்று வையுங்கள். மீதி 180. டிவிடெண்டுக்கு 30 கோடி துண்டு விழுகிறது. அதைக் கடன் வாங்கி அடைத்தார்களா, புதுப் பங்கு விற்றா, கையிருப்பைக் கரைத்தா என்பது அதே அறிக்கையில் சற்றுக் கீழே தெரியும்.

ஒரு வருடக் கணக்கை நம்பாதீர்கள். சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பட்டுவாடாவைத் தள்ளிப்போட்டாலே அந்த வருடப் பணவரவு அழகாகத் தெரியும். மறுவருடம் அது திரும்பிப் போய்விடும். ஐந்து வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். எண்ணெய், உலோகம் போன்ற தொழில் என்றால் ஒரு மோசமான வருடமாவது அதற்குள் வர வேண்டும். குத்தகையும் கண்ணுக்குத் தப்பும். ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதி 2019-ல் அமலுக்கு வந்த பிறகு, குத்தகையின் அசல் பகுதி தொழில் பணவரவில் கழிக்கப்படாமல் நிதித் திரட்டல் பிரிவில்தான் வருகிறது. கடைகளையும் விமானங்களையும் குத்தகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களில் அதையும் கழித்தால்தான் உண்மையான மீதி கிடைக்கும். அந்த மீதி டிவிடெண்டைப் போல 1.3 மடங்காவது இருப்பது நல்லது.

கடனில் மொத்தத் தொகையைவிட, எந்த வருடம் எவ்வளவு முதிர்கிறது என்ற அட்டவணைதான் முக்கியம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் வட்டியைப் போல மூன்று மடங்குக்குக் கீழே இருந்து, பெரிய தொகை இரண்டு வருடத்தில் முதிர்கிறது என்றால் டிவிடெண்டில் கை வைக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கக் குழாய்வழி நிறுவனமான கிண்டர் மார்கன் 2015 டிசம்பரில் காலாண்டு டிவிடெண்டை 51 சென்ட்டிலிருந்து 12.5 சென்ட்டாகக் குறைத்தது. வந்த பணம் பெரும்பாலும் டிவிடெண்டுக்கே போய்க்கொண்டிருந்தது. விரிவாக்கத்துக்குச் சந்தையில் திரட்ட வேண்டியிருந்தது. பங்கு விலை சரிந்ததும் அந்த வழி அடைபட்டது. குழாய்களில் ஓட்டம் நிற்கவில்லை, ஆனாலும் டிவிடெண்ட் வெட்டப்பட்டது.

வங்கிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே மூலதன விகிதம் (கொடுத்த கடன்களின் ஆபத்துக்கு ஈடாக வங்கி வைத்திருக்கும் சொந்த மூலதனம்) ஒழுங்குமுறை வரம்பைவிட எவ்வளவு மேலே இருக்கிறது, வாராக் கடன் ஏறுகிறதா என்று பாருங்கள்.

வாடகைக் கட்டடங்களை வைத்து வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பகிரும் ரியல் எஸ்டேட் அறக்கட்டளைகளில் (REIT), கையிலிருந்து பணம் போகாத செலவான தேய்மானம் லாபத்தைக் குறைத்துக் காட்டுவதால், லாபத்தில் 100 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது சகஜம். தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, சொத்து விற்ற லாபத்தையும் பராமரிப்புச் செலவையும் கழித்துப் பாருங்கள். பகிர்வில் ஒரு பகுதி மூலதனத் திருப்பம் என்று குறிப்பிட்டு, யூனிட் ஒன்றின் சொத்து மதிப்பும் வருடாவருடம் இறங்கிக்கொண்டே வந்தால், அங்கே உங்கள் முதலையே உங்களுக்குத் தவணையாகத் தருகிறார்கள்.