குரல் ஒடையும்போது கேக்குறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? திருநம்பி (பொண்ணுன்னு வளத்திருந்தாலும் ஆம்பளயா வாழற) தம்பிங்களுக்கு

டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பிச்ச கொஞ்ச மாசத்துலயே மொகத்துல பரு, தொண்டைல கரகரப்புன்னு வந்துடும். தாடிக்குத்தான் நாளாகும், அரும்பவே ஆறு மாசம் ஒரு வருஷம், அடர்த்தியா வர 5 வருஷம் கூட ஆகலாம். அதனால மத்தவங்க காதுல மொதல்ல விழறது குரல்தான். "என்ன கண்ணு, சளியா?"ன்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லிடலாம்னு தோணும், ஆனா அந்த பதில் ரெண்டு வாரம்தான் தாங்கும் தம்பி, அப்புறம் அம்மா சுக்கு கஷாயம் வைப்பாங்க, அதுலயும் சரியாகலன்னா தொண்டை டாக்டர்கிட்ட இழுத்துட்டு போவாங்க. அங்க வச்சு மாட்டிக்கிட்டு சொல்றதவிட குரல் ஒடையறதுக்கு முன்னாடியே வீட்ல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, அக்காவோ சித்தப்பாவோ, சொல்லி வச்சிடு. மத்தவங்க கேட்டா அவங்க பதில் சொல்லிப்பாங்க.

ஆனா ஒன்னு, அடிப்பாங்க, பூட்டி வைப்பாங்கன்னு பயம் இருந்தா சொல்லாத. மொதல்ல தங்க ஒரு எடம், கைல கொஞ்சம் காசு, சர்டிபிகேட் எல்லாம் ஒரு ஃப்ரெண்டு வீட்ல, இத ரெடி பண்ணு. "டாக்டர்கிட்ட காட்டி மாத்திடலாம்"னு யாராச்சும் கெளம்புனா, அப்படி மாத்தறேன்னு வைத்தியம் பாக்குறத தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே தொழில் ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு, அத தைரியமா எடுத்து சொல்லு.

கல்யாண வீடுதான் கஷ்டம். அங்க வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சா பந்தி முடியற வரைக்கும் முடியாது. "ஆமா அத்தை, குரல் மாறிடுச்சு, நல்லா இருக்கேன், மாமாக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?" அவ்ளோதான், பேச்சு அவங்க பக்கம் போயிடும். "ஆபரேஷன் ஆச்சா?"ன்னு கேட்டா மட்டும் மழுப்பாத. "அத டாக்டர்கிட்ட மட்டும்தான் பேசுவேன்"னு சிரிக்காம சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொன்னா அடுத்த கேள்வி கண்டிப்பா வரும்.

வெளிய வேற மாதிரி. நம்ம ஊர்ல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கும் திருநருக்கும் 2021ல இருந்து டிக்கெட் இலவசம், ஆனா பாதி மீசையோட நிக்கிறவன பாத்து கண்டக்டர் ஒரு நிமிஷம் முழிப்பாரு, பஸ்ஸே திரும்பி பாக்கும். திருநர் அடையாள கார்டு இருந்து காட்ட மனசு இருந்தா காட்டு, அது உன் உரிமை. கூட்டத்துல காட்ட வேணாம்னு தோணுச்சுன்னா டிக்கெட் எடுத்துட்டு போ, அதுல ஒன்னும் கொறஞ்சிட மாட்ட. பேங்க்ல ஆதார் போட்டோவையும் உன்னையும் மாத்தி மாத்தி பாப்பாங்க, கலெக்டர் ஆபீஸ்ல வாங்குன திருநர் சான்றிதழ் இருந்தா அவங்க வாய தொறக்கறதுக்கு முன்னாடியே ஆதார்கூட சேத்து நீட்டிடு.

ஃப்ரெண்ட்ஸ் பாசத்துல "மச்சி, இப்பதான்டா ஆம்பள மாதிரி இருக்க"ம்பாங்க. வலிக்கும். "நான் முன்னாடியும் ஆம்பளதான்டா"ன்னு தனியா கூப்பிட்டு சொல்லு, பாசம் இருக்கறவன் புரிஞ்சுப்பான்.

இன்னும் தாடி வரலையான்னு எவனோ கேட்டான்னு ஊசிய மட்டும் கூட்டி போட்டுக்காத. தாடி சீக்கிரம் வராது, ரத்தத்துல சிவப்பணு ஏறி ரத்தம் கெட்டியாகும், அதிகமா போற மருந்துல கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனா, அதாவது பெண் ஹார்மோனா வேற மாறும். டாக்டர் சொன்ன அளவுலயே போடு, சொன்ன தேதிக்கு ரத்த டெஸ்ட் எடு. கேள்வி கேட்டு கேட்டு மனசு தாங்கலன்னா 14416க்கு அடி, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.