மே வரை காத்திருக்க வேண்டாம்: டொராண்டோ குளிரில் வீட்டுக் காய்கறித் தோட்டம்

டொராண்டோ பக்கம் தோட்டம் போடும் நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு ஒன்றுதான்: விக்டோரியா தின லாங் வீக்கெண்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம். அந்தத் திங்கட்கிழமை மே 18க்கும் 24க்கும் நடுவில் வரும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இந்தக் காத்திருப்பு சரிதான். ஆனால் பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, லெட்டூஸ், வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் குளிரில் சுகமாக வளர்கிறவை. இவற்றையும் மே கடைசியில் விதைத்தால், இலை விடுவதற்குள் வெயில் ஏறிப் பூவுக்குப் போய்விடும்.

அதனால் முதல் வேலை மண்வெட்டியைத் தேடுவதல்ல. விதை பாக்கெட்டுகளை மேசையில் கொட்டி, குளிர் தாங்குபவை, தாங்காதவை என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் கும்பல் ஏப்ரலிலேயே நேராக மண்ணுக்குப் போகும். இரண்டாவது கும்பல் மே கடைசி வரை வீட்டுக்குள்தான். ஒரு எச்சரிக்கை: நம் கொடிப்பசலை இரண்டாவது கும்பல். அதை ஸ்பினாச்சோடு சேர்த்துவிடாதீர்கள்.

1. இடம்: மார்ச்சில் ஜன்னல் வழியாகப் பாருங்கள்

பேக்யார்டில் எந்த மூலையில் பனி முதலில் கரைகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டிய இடமாக இருக்கும். பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் செடிக்குக் கிடைக்கும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஏப்ரலில் மேப்பிள் மரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜூனில் அதே இடம் முழு நிழலாகிவிடும்.

தரையைக் கொத்துவதைவிட மேட்டுப் பாத்தி நல்லது. உயரத்தில் இருப்பதால் தண்ணீர் வடிந்து மண் சீக்கிரம் சூடாகும், நம் பக்கத்துக் களிமண்ணோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். 4 அடி அகலம், 8 அடி நீளம், 10 அங்குல உயரம்: முதல் வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு இது போதும். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது. இந்த அளவுக்குச் சுமார் ஒரு கியூபிக் யார்டு மண் பிடிக்கும். தோட்ட மண் விற்கும் இடங்களில் டிரிபிள் மிக்ஸ் என்று கேட்டால் கிடைக்கும்.

2. வீட்டுக்குள் நாற்று

மிளகாய், கத்தரிக்கு மார்ச் நடுப்பகுதி. தக்காளிக்கு மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதல் வாரம். பாகல், புடலை, வெள்ளரியெல்லாம் ஏப்ரல் கடைசியில் போட்டால் போதும். முன்கூட்டியே போட்டால் வீட்டுக்குள் கொடி ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

குழித்தட்டில் தோட்ட மண்ணைப் போடாதீர்கள். நாற்றுக்கென்று விற்கும் லேசான கலவைதான் வேண்டும். மிளகாயும் கத்தரியும் முளைக்க 25 முதல் 30 டிகிரி சூடு கேட்கும். பேஸ்மென்டில் அது கிடைக்காது. தட்டுக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட் இருந்தால் நல்லது. முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் விளக்கு. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நாற்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, தண்டு வெளுத்து, நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். அதைத் தோட்டத்தில் வைத்தால் முதல் காற்றிலேயே மடிந்துவிடும். சாதாரண எல்இடி ட்யூப் விளக்கு போதும். நாற்றுக்கு மேல் நாலைந்து அங்குலத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் தூக்குங்கள்.

தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டுக்கு அடியில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். மேல்மண் எப்போதும் நசநசவென்று இருந்தால், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கருத்துச் சுருங்கி, நாற்று ஒரே இரவில் படுத்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான், வந்தபின் மருந்தில்லை. சின்ன மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் மேல்மண் காயும், தண்டும் உறுதியாகும்.

3. மண் தயாரா? கையால் பிடித்துப் பாருங்கள்

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் 15 டிகிரி அடித்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். காற்று சூடாவது வேறு, மண் சூடாவது வேறு. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தாலோ, பிடித்த உருண்டை குத்தினாலும் உடையாமல் பளபளவென்று இருந்தாலோ இன்னும் சில நாள் பொறுங்கள். ஈரக் களிமண்ணைக் கிளறினால் காய்ந்தபின் ஓடு மாதிரி இறுகிவிடும், அந்த வருடம் முழுக்க அது இளகாது. விரலால் லேசாகத் தட்டியதும் உதிர்ந்தால் மண் தயார்.

மண்ணுக்கென்று விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் நாலு அங்குல ஆழத்தில் குத்திப் பாருங்கள். 5 டிகிரி இருந்தால் பட்டாணியும் ஸ்பினாச்சும் போடலாம். 7, 8 டிகிரி வந்துவிட்டால் முள்ளங்கி, கேரட். 10 டிகிரி என்றால் வெந்தயம், கொத்தமல்லி. சூடு ஏறவில்லையென்றால் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு வாரம் பாத்தி மேல் போட்டு வையுங்கள்.

4. ஏப்ரல் விதைப்பு

பட்டாணியை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, அன்றைக்கே வலையோ குச்சியோ கட்டிவிடுங்கள். பிறகு கட்டப்போனால் வேர் அசையும். முள்ளங்கி அரை அங்குல ஆழம். முளைத்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிட மனசு வர வேண்டும், நெருக்கமாக விட்டால் இலைதான் மிஞ்சும். பிடுங்கியதை வீணாக்க வேண்டாம், பொரியலுக்கு ஆகும்.

வெந்தயத்துக்குத் தனியாக விதை வாங்க வேண்டியதில்லை, அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே முளைக்கும். கொத்தமல்லியை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்துவிட்டுத் தூவுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நாட்களை அப்படியே நம்பாதீர்கள். குளிரில் எல்லாமே ஒன்றிரண்டு வாரம் பிந்தும்.

விதைத்த மறுநாளே அணில் வந்து கிளறும், முயலும் வரும். பாத்தி மேல் கோழிவலையைப் போட்டுக் கல் வையுங்கள்.

5. உறைபனி இரவுகள்

ஏப்ரல் கடைசியில் பனி கொட்டினாலும் பதற வேண்டாம். முளைத்த பட்டாணியும் ஸ்பினாச்சும் லேசான உறைபனியைத் தாங்கும். ஆனாலும் ரோ கவர் என்று விற்கும் மெல்லிய வெள்ளைத் துணி கையில் இருக்கட்டும். வெளிச்சமும் மழையும் உள்ளே போகும், குளிரிலிருந்து இரண்டு டிகிரி போல காப்பாற்றும். ஓரங்களில் செங்கல் வைத்து அழுத்துங்கள். பிளாஸ்டிக் தாளைப் போட்டால், வெயில் வந்ததும் திறந்தாக வேண்டும். மறந்துவிட்டு வேலைக்குப் போனால் மதியத்துக்குள் செடி வெந்துவிடும்.

மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்து. வானிலை அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை தரைக்கு மேலே ஐந்தடி போல உயரத்தில் அளப்பது. அது 2 டிகிரி என்றால் தரையில் உறைபனி விழலாம்.

6. உள்ளே இருப்பவை வெளியே

மே நடுவில் நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கத் தொடங்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாது என்றானதும் தக்காளியை நடலாம். கத்தரி, மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. குளிரில் நட்டவை சாகாவிட்டாலும் வளராமல் முறைத்துக்கொண்டே நிற்கும். வெண்டைக்கு மண் 18 டிகிரியைத் தாண்ட வேண்டும், ஜூனில் நேராக விதையுங்கள்.

புதிய இடம் தேட வேண்டாம். ஸ்பினாச் வரிசைகளுக்கு நடுவிலேயே தக்காளியை நடுங்கள். தக்காளி பெருத்து இடம் கேட்கும்போது ஸ்பினாச் பூவுக்குப் போயிருக்கும், பிடுங்கிவிடலாம். மிஞ்சிய விதையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆகஸ்ட் நடுவில் அதே ஸ்பினாச்சையும் முள்ளங்கியையும் இன்னொரு முறை போடலாம்.