நாயின் பெயரை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள்

கிரேட் டேன் என்றால் டென்மார்க் நாய். லாப்ரடார் என்றால் கனடாவின் லாப்ரடார் பகுதியில் பிறந்த நாய். நாய் வகைகளின் பெயர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். கிரேட் டேனை உருவாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் பூஃபோன் அதைப் பெரிய டேனிஷ் நாய் என்று எழுதினார்; ஆங்கிலேயர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்று அதை 'தோக் அல்மான்', அதாவது ஜெர்மன் நாய் என்கிறார்கள். லாப்ரடாரின் முன்னோர்களோ பக்கத்துத் தீவான நியூபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு உழைத்தவை.

அடுத்த தவறு, இரண்டு பெயர் இருந்தால் இரண்டு வகை என்று நினைப்பது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு நாயோடு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "இது அல்சேஷன், ஜெர்மன் ஷெப்பர்டு இல்லை" என்று உறுதியாகச் சொல்கிறவர் ஒருவராவது இருப்பார். இரண்டும் ஒன்றே. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெர்மனி என்ற சொல்லே கசந்திருந்த பிரிட்டனில், 1919-இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் அந்த நாயை பிரான்ஸ்-ஜெர்மனி எல்லைப்புற அல்சாஸின் பெயரால் பதிவு செய்தது. பழைய பெயர் அங்கே திரும்ப வர 1977 ஆயிற்று. அதே போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட நம் ஊர் வீரர்களின் நினைவுச்சின்னம் அந்தச் சாலையிலேயே நிற்கிறது. பகையின் சுவடு நாயின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருப்பதை அங்கே நடப்பவர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பூடிலைப் பிரெஞ்சுப் பெயர் என்று எண்ணுவதும் தவறு. நாய் பிரான்சுக்கு உரியதாகக் கணக்கிடப்பட்டாலும் பெயர் ஜெர்மன்: தண்ணீரை அளைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் அதைக் 'கனிஷ்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது பெண் வாத்து. சுடப்பட்ட வாத்தை நீரில் இறங்கிக் கவ்விவந்த நாய் அது என்ற ஒரே செய்தியை இரண்டு மொழிகள் இரண்டு பக்கத்திலிருந்து பிடித்திருக்கின்றன. இதைவிட அழகான பெயர்க்கதை எனக்குத் தெரியாது.

டாக்ஸ்ஹுண்டை 'டேஷ் ஹவுண்ட்' என்று சொல்லிவிட்டு, வேகமாக ஓடும் என்று காரணம் கற்பிக்காதீர்கள். டாக்ஸ் என்பது ஜெர்மனில் வளைக்கரடி, அதாவது வளையில் வாழும் பேட்ஜர். வளைக்குள் நுழையத்தான் அந்தக் குட்டைக் கால்கள். வெள்ளையாகப் புசுபுசுவென்று இருப்பதையெல்லாம் பொமரேனியன் என்பதையும் விட்டுவிடலாம்; நம் வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்.

பழைய இலக்கியத்தை இதில் இழுக்கும்போது கூடுதல் கவனம் தேவை. சங்கப் பாடல்களில் வரும் ஞமலியை ஒரு தனி வேட்டைநாய் இனமாகக் காட்ட வேண்டாம். பூழி நாட்டில் நாயைக் குறிக்க வழங்கிய பொதுச்சொல் அது; தொல்காப்பிய உரைகாரர்கள் அதைத் திசைச்சொல்லுக்கு, அதாவது வட்டார வழக்குச் சொல்லுக்கு, எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். பண்டைய கிரேக்க, ரோமானியப் பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மெலிட்டா நாய் என்று அவர்கள் சொன்ன சிறு நாய்க்கு மால்டாவைக் காட்டினார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. ஏட்ரியாட்டிக் கடலின் இன்னொரு தீவைக் காட்டினார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அக்காலத்தவருக்கே உடன்பாடில்லாத இடத்தில் நாம் ஒரே விடையை அடித்துச் சொல்லக் கூடாது.

ஊர்ப்பெயர் உண்மையிலேயே ஊரைக் காட்டும் இடத்தில்தான் நாம் அதைத் துடைத்துவிடுகிறோம். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை மூன்றும் தென்மாவட்ட ஊர்கள். ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளிவந்தது. ஆனால் தடுப்பூசி அட்டையில் இனத்தைக் குறிக்கும் இடத்தில் இவற்றுக்கும் 'நாட்டு நாய்' என்றே எழுதிவிடுவதுண்டு. வளர்க்கிறவருக்கு இனம் உறுதியாகத் தெரியுமானால், அந்த ஊர்ப்பெயரைக் கேட்டு வாங்கி எழுதச் செய்யுங்கள்.