சீன மாணவருக்கு 'ஓப்பன்' கற்பிப்பது எப்படி?

மாண்டரின் பேசும் மாணவர் விளக்கைப் போடச் சொல்ல 'ஓப்பன் த லைட்' என்பார். இது கவனக்குறைவு அல்ல. அவர் மொழியில் 'கை' என்ற ஒரே வினை (க-வை மூச்சுவிட்டு, உயர்ந்த தொனியில் சொல்ல வேண்டும்) கதவைத் திறக்கும், விளக்கைப் போடும், கார் ஓட்டும், கூட்டம் நடத்தும், மருந்தும் எழுதித் தரும். நாம் லைட்டையும் சட்டையையும் சண்டையையும் 'போடு'வதைப் போலத்தான். சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் இந்த வழக்கு நன்றாகவே ஊன்றிவிட்டது. அங்கே எல்லாருக்கும் புரியும், வெளியே புரியாது.

'ஓப்பன் என்றால் கை' என்று எழுதிக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். பதிலுக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: மூடியோ கதவோ உறையோ விலகி உள்ளே இருப்பது தெரிகிறதா? ஆம் என்றால் 'ஓப்பன்': ஜன்னல், புத்தகம், கண், பெட்டி. கணினிக் கோப்பும் வங்கிக் கணக்கும் இதிலேயே சேரும். சீனத்திலும் அப்படியே என்பதால் அங்கே தவறு வராது. மின்சாரம், தண்ணீர், கேஸ் ஓடத் தொடங்கினால் 'டர்ன் ஆன்'. வண்டிக்கு 'டிரைவ்'. 'ஓப்பன் த லேப்டாப்' என்றால் மூடியைத் தூக்குவது மட்டுமே.

வினையைத் தனியே மனப்பாடம் செய்ய விடாதீர்கள். பன்னிரண்டு படங்களைக் கலந்து வைத்து, பொருளோடு சேர்த்தே சொல்ல வையுங்கள். பிறகு 'இட்' சேருங்கள்: 'டர்ன் இட் ஆன்' சரி, 'டர்ன் ஆன் இட்' தவறு.

எதிர்ச்சொல்லிலும் இதே சிக்கல்தான். 'குவான்' என்பது மூடுவதும் அணைப்பதும் என்பதால் 'க்ளோஸ் த லைட்' வரும். அதற்கு 'டர்ன் ஆஃப்'.

அதிக நேரம் தேவைப்படுவது கடைப் பலகைக்குத்தான். கடை திறந்திருக்கிறது என்பதற்கு 'இஸ் ஓப்பன்'. மூடியிருக்கிறது என்பதற்கு 'இஸ் க்ளோஸ்ட்'. ஒன்றில் விகுதி இல்லை, மற்றதில் உண்டு. சீன வினைகள் காலத்துக்கேற்ப வடிவம் மாறாதவை. அதனால் மாணவர் 'இஸ் ஓப்பன்ட்' என்பார், அல்லது 'இஸ் க்ளோஸ்' என்பார். இரண்டாவது தவறு ஆளைத் திசைதிருப்பும்: கேட்பவருக்கு 'கடை பக்கத்தில் இருக்கிறது' என்றே விளங்கும். இரண்டு வாக்கியங்களையும் எப்போதும் ஜோடியாகவே பயிற்சி கொடுங்கள். 'ஓப்பன்ஸ் அட் நைன்' என்ற நேரம் சொல்லும் வடிவத்தை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.