வேலை போனவருக்கும் வண்டிக்கடைக்காரருக்கும்: பிஎஃப், இஎஸ்ஐ, பத்தாயிரம் கடன் வாங்குவது எப்படி?

2020 மே மாதம் கொரோனா நிவாரணம் என்று மத்திய அரசுத் தரப்பில் ஐந்து நாள் தொடர்ந்து டிவியில் உட்கார்ந்து 20 லட்சம் கோடிக்குக் கணக்குச் சொன்னார்களே, அதில் நம்ம கைக்கு என்ன வரும் என்று கேட்டால் பெரும்பாலும் கடன்தான். கடன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு முன்னால் நம் பெயரில் ஏற்கெனவே கிடக்கிற பணத்தை எடுக்க வேண்டும். வேலை போனவருக்கு அது பிஎஃப் (சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த வருங்கால வைப்பு நிதி), அடுத்தது இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு). தள்ளுவண்டி, நடைபாதைக் கடை வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது, அவருக்கு மத்திய அரசின் பத்தாயிரம் ரூபாய் கடன் இருக்கிறது. ஒரே வீட்டில் மகனுக்குக் கம்பெனி வேலை போய், அப்பாவின் காய்கறி வண்டியும் நின்றுபோன கதை 2020-ல் நிறைய. அதனால் மூன்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். படிகள், தொகைகள் எல்லாம் 2020 செப்டம்பர் நிலவரப்படி; அதன் பிறகு பலவும் மாறிவிட்டன, சில நின்றும் போய்விட்டன.

முதல் வேலை: பெயரும் போன் நம்பரும்

இதைத் தாண்டி கீழே போகாதீர்கள். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நம்ம ஊரில் பெரிய காரணம் இனிஷியல்தான். ஆதாரில் ‘முருகன்’, பிஎஃப் கணக்கில் ‘முருகன் ஆர்’, வங்கிப் பாஸ்புக்கில் ‘ஆர்.முருகன்’, பான் கார்டில் அப்பா பெயரையும் சேர்த்து ‘ராஜேந்திரன் முருகன்’. ஆள் ஒருவர்தான், கம்ப்யூட்டருக்கு நாலு பேர். எல்லா அட்டைகளையும் பாஸ்புக்கையும் வரிசையாக வைத்து ஒரு தாளில் பெயரை எழுத்து பிசகாமல் எழுதுங்கள், பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதற்கு மற்றவற்றைக் கொண்டுவருவதுதான் சுலபம். ஆதாரை மாற்றப் போனால் அது இன்னொரு பக்கம் முடிச்சுப் போட்டுவிடும்.

அப்புறம் போன். ஆதாரோடு இணைத்த நம்பர் இப்போதும் உங்கள் கையில் இருக்கிற சிம் தானா என்று பாருங்கள். ஓடிபி வராவிட்டால் கீழே உள்ள எந்த வேலையும் நடக்காது. பழைய நம்பர் தொலைந்துவிட்டது என்றால் ஆதார் மையத்துக்கு நேரில்தான் போகவேண்டும், 2020-ல் கட்டணம் 50 ரூபாய்.

வேலை போனவர்: பிஎஃப் முன்பணம்

கொரோனாவுக்காக 2020 மார்ச் கடைசியில் பிஎஃப் விதியில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது கிடைத்தது; 2024-ல் இந்தக் கொரோனா முன்பணத்தை நிறுத்திவிட்டார்கள். உதாரணமாக, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 9,000, கணக்கில் 80,000 இருக்கிறது. மூன்று மாதத்துக்கு 27,000, எழுபத்தைந்து சதவீதம் 60,000. ஆக 27,000 வரும். திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை, இதற்கு வருமான வரியும் இல்லை, இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது இல்லை. மொத்தச் சம்பளத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு குறைவாக வந்திருக்கிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டு வாடகைப்படி எல்லாம் இதில் சேராது.

1. பிஎஃப் உறுப்பினர் தளத்தில் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினரின் நிரந்தர எண்), பாஸ்வேர்டு போட்டு உள்ளே போங்கள். யுஏஎன் சம்பளச் சீட்டில் இருக்கும்.

2. ‘மேனேஜ்’ என்பதில் ‘கேஒய்சி’ (அடையாள விவரங்கள்) போய் ஆதார், வங்கிக் கணக்கு இரண்டும் ஒப்புதல் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகாமல் ‘பெண்டிங்’ என்று இருந்தால் 2020-ல் கம்பெனி எச்ஆர் அவர்கள் பக்கத்தில் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டு அனுப்பின கம்பெனிக்குத் திரும்ப போன் போடுவது யாருக்கும் பிடிக்காத வேலைதான், ஆனால் அப்போது போட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. பிறந்த தேதி தப்பாக இருந்து, வித்தியாசம் மூன்று வருடத்துக்குள் இருந்தால் ஆதாரையே சான்றாக ஏற்க ஆரம்பித்தார்கள், 2020 ஏப்ரலிலிருந்து.

3. ‘ஆன்லைன் சர்வீசஸ்’ போய் ‘கிளைம்’ என்பதைத் தட்டுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கும், போட்டுச் சரிபார்த்ததும் ஓர் உறுதிமொழி வரும், சம்மதம் என்று கொடுங்கள்.

4. இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். எந்தப் படிவம் என்று கேட்கிற பட்டியலில் ‘பிஎஃப் அட்வான்ஸ், ஃபார்ம் 31’ என்பதை எடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 2020-ல் ‘அவுட்பிரேக் ஆஃப் பேண்டமிக்’ என்று இருந்ததை எடுக்க வேண்டியிருந்தது.

5. தொகை, முகவரி போட்டு, பெயர் அச்சிட்ட காசோலையையோ பாஸ்புக் முதல் பக்கத்தையோ படம் எடுத்து ஏற்றுங்கள். கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் பாஸ்புக் பிளாஸ்டிக் உறைமேல் விழுந்து பாதி எண் வெள்ளையாகப் போயிருக்கிற படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உறையைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள்.

6. ஆதார் ஓடிபி வரும், போட்டால் முடிந்தது. கேஒய்சி எல்லாம் சரியாக இருந்தால் மூன்று நாளில் முடிப்போம் என்றார்கள். ‘டிராக் கிளைம் ஸ்டேட்டஸ்’ என்பதில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வேலையே போய்விட்டதே, மொத்தத்தையும் எடுத்தால் என்ன என்று தோன்றும். 2020 விதிப்படி இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் படிவம் 19 போட்டு முழுசாக எடுக்கலாம்தான். பிரவுசிங் சென்டரில் கையோடு 10சி படிவத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், அது பென்ஷன் கணக்கை முடிக்கிற படிவம். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஏழு வருடம் சேர்த்தவர் 10சி போட்டுப் பணத்தை வாங்கிவிட்டால் அடுத்த கம்பெனியில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் 31, அது தீர்ந்தும் வேலை கிடைக்காவிட்டால் மற்றதை யோசிக்கலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று. ராஜினாமா கடிதம் எழுதிக்கொடுங்கள் என்று கம்பெனி கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். தொழிற்சாலை போன்ற இடங்களில் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம், கூடவே வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று அப்போதைய தொழில் தகராறு சட்டம் சொன்னது. நீங்களாக விலகினதாக எழுதிக் கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது. ஊரடங்கு காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச் 29-ல் போட்ட மத்திய அரசு உத்தரவை நம்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அது மே 18 முதல் இல்லை. பாக்கியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இஎஸ்ஐ: மருந்து மட்டும் இல்லை

சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. 2020-ல் வேலை போனவருக்கு 90 நாள் வரை, சராசரி தினச் சம்பளத்தில் பாதி கிடைத்தது. முன்னே கால் பங்குதான் இருந்தது, 2020 மார்ச் 24 முதல் டிசம்பர் 31 வரை வேலை போனவர்களுக்குப் பாதியாக உயர்த்தினார்கள். தினச் சம்பளம் 450 என்றால் 225 வீதம் 90 நாளுக்கு 20,250 ரூபாய், விடலாமா?

வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் இஎஸ்ஐ-யில் இருந்திருக்க வேண்டும். வேலை போனதற்குச் சற்று முந்தின பங்களிப்புக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தின மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பணம் கட்டியிருக்க வேண்டும். (பங்களிப்புக் காலம் என்பது ஆறு மாதம்.) வேலை போய் 30 நாள் ஆனதும் விண்ணப்பிக்கலாம். இஎஸ்ஐ தளத்தில் காப்பீட்டு எண்ணோடு பதிந்து, படிவத்தை அச்செடுத்து, உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல், பாஸ்புக் நகல் சேர்த்துக் கிளை அலுவலகத்தில் நேராகக் கொடுத்துவிடலாம், கம்பெனி வழியாகப் போக வேண்டாம். மருந்தகத்தில் கொடுக்காதீர்கள், கிளை அலுவலகம் வேறு. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவருக்கு இது கிடையாது.

வண்டிக்கடைக்காரர்: பத்தாயிரம் கடன்

பிஎம் ஸ்வநிதி என்று பெயர், 2020 ஜூன் 1-ல் அறிவித்தது. 2020 விதிப்படி பத்தாயிரம் ரூபாய் வரை, ஜாமீன் இல்லாமல், ஒரு வருடத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். வட்டி வங்கிக்கு வங்கி மாறும், அதில் 7 சதவீதத்தை அரசு உங்கள் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடும். வங்கி 11 சதவீதம் போட்டாலும் மாதத் தவணை 880 ரூபாய் சுற்றித்தான் வரும். தண்டலில் பத்தாயிரம் என்றால் முன்னாலேயே ஆயிரத்துச் சொச்சம் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து தினம் நூறு என்று வசூலுக்கு வந்து நிற்பார்கள். அந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள், இது எவ்வளவு மலிவு என்று.

யாருக்கு? 2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்னாலோ நகர்ப்பகுதியில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவருக்கு. இதில் எனக்கு வருத்தம் உண்டு. காய்கறி அத்தியாவசியம் என்பதால் ஊரடங்கிலும் விற்க விட்டார்கள், அதைப் பார்த்து வேலை போன எத்தனையோ பேர், மே 5-ல் கோயம்பேடு மூடின பிறகுகூட, வண்டி போட்டுத் தெருத்தெருவாகத் தள்ளினார்கள். அப்போதைய விதிப்படி அவர்களுக்கு இது இல்லை. அவர்கள் வங்கியில் சிறு தொழிலுக்கான முத்ரா சிசு கடன் கேட்டுப் பார்க்கலாம், 50,000 வரை. சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன்.

பழைய வியாபாரி என்றால் இப்படிச் செய்யுங்கள்.

1. மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்த வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. அட்டை இல்லை, ஆனால் எப்போதோ வந்து கணக்கெடுத்துப் போனார்கள் என்றால் ஸ்வநிதி தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் தற்காலிகச் சான்று கிடைக்கும்.

3. இரண்டும் இல்லையா? மனம் தளர வேண்டாம், பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வியாபாரிகள் சங்க உறுப்பினர் சீட்டு, ஊரடங்கில் அரசு கொடுத்த உதவித்தொகைக்கான ஆவணம், கடை போட்டதைக் காட்டும் வேறு ஏதாவது காகிதம், எதுவானாலும் சேர்த்து நகராட்சியில் கொடுங்கள். அந்தப் பக்கம் விசாரித்து 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கொடுத்த மனுவுக்குத் தேதி போட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள், பதினாறாவது நாள் போய் நிற்க அதுதான் பிடி. காய்கறி வண்டிக்கு ஊரடங்கில் கொடுத்த பாஸ் மட்டும் போதாது, அது மார்ச் 24-க்குப் பிறகு வந்த காகிதம்.

4. தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் பொது சேவை மையத்துக்கோ கணக்கு இருக்கிற வங்கிக்கோ போங்கள். ஆதார் ஓடிபி வரும், போனைக் கையோடு கொண்டுபோங்கள்.

5. கடன் வந்ததும் கியூஆர் அட்டை ஒன்று வாங்கி வண்டியில் மாட்டிவிடுங்கள். 2020 விதிப்படி 25 ரூபாய்க்குக் குறையாத வரவு மாதம் 50 தடவை வந்தால் 50 ரூபாய் திரும்பக் கிடைக்கும், அடுத்த 50 தடவைக்கு 25, அதற்கடுத்த 100 தடவைக்கு இன்னொரு 25. ஆக மாதம் நூறு ரூபாய் வரை. கீரைக்கட்டு விற்கிறவருக்கு ஒரே ஆள் 25 ரூபாய்க்கு வாங்குவது கஷ்டம், பழ வண்டிக்குச் சரியாக வரும்.

சொந்தக் கடை வைத்து ஏற்கெனவே தொழில் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு 2020-ல் வேறு வழி இருந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று பாக்கி இருந்த கடனில் 20 சதவீதத்தை அவசரக் கடனாக வங்கியே தந்தது, அதற்குத் தனியாக ஜாமீன் கேட்கக் கூடாது, முதல் ஒரு வருடம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று இருந்தது. மூன்று லட்சம் பாக்கி இருந்தவருக்கு 60,000. தகுதி இருந்தால் வங்கியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு.  கடனுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும் என்று சொல்லி யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2020 ஜூலை 1-ல் ஆரம்பித்த அந்தப் பதிவு முழுக்க இலவசம், வீட்டிலிருந்தே போட்டுவிடலாம். அரசுத் தளம் மாதிரியே முகப்பு வைத்துக் கட்டணம் கேட்கிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.